காட்டி, சுப்பாக்கு, பால் டின்: சைனாடவுன் தரும் சமையற் கணக்கு

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவைகளை நான்காகப் பகுத்து வைத்தனர் நம் முன்னோர். தேங்காயை எண்ணினர், புளியைத் தராசில் எடுத்தனர், நெல்லையும் அரிசியையும் எண்ணெயையும் படியால் முகந்தனர், துணியை நீட்டி அளந்தனர். எப்பொருளை எவ்வளவையால் அளப்பது என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை. இன்று நம் இல்லங்களில் நிலை வேறாக இருக்கிறது. சமையற் குறிப்பு 'அரைக் கிலோ மாவு' என்கிறது. அடுக்களையிலோ தராசு இல்லை. பிறிதொரு குறிப்பு 'இரண்டு கோப்பை பருப்பு' என்கிறது. கடையிலோ பருப்பு கிராம் கணக்கில் பொட்டலமாகக் கிடைக்கிறது. எடுத்தலளவையை முகத்தலளவையாக மாற்றுவது எவ்வாறு என்பது, தோட்டப்புற இல்லத்தரசிகளுக்கும் திருவிழாக் காலத்தில் நூறு பேருக்கு உலை வைக்கும் அன்பர்களுக்கும் ஒருங்கே பயன்படும் கேள்வியாகும்.

இதனை ஆராயச் சிங்கப்பூரின் சைனாடவுனை விடப் பொருத்தமான இடம் அரிது. பெயர் சைனாடவுன் ஆயினும், அங்குள்ள சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826ஆம் ஆண்டில் சூலியா முஸ்லிம்கள் நிறுவிய ஜாமியா பள்ளிவாசலும், 1827ஆம் ஆண்டில் நாராயண பிள்ளை தோற்றுவித்த ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் சில அடித் தொலைவில் நிற்கின்றன. பக்கத்துத் தெருக்கள் மாஸ்க் ஸ்திரீட் எனவும், டெம்பிள் ஸ்திரீட் எனவும், கோபுரத்தை வைத்துப் பகோடா ஸ்திரீட் எனவும் பெயர் பெற்றன. மலாய்க்காரர் அவ்வட்டாரத்தைக் கிரேத்தா ஆயர் என்றனர். மாட்டு வண்டியில் தண்ணீர் கொணர்ந்த இடம் என்பது அதன் பொருள். சவ்வரிசி செய்த ஆலைகளால் சாகோ ஸ்திரீட் எனப் பெயர் கொண்ட தெருவும் அங்கே உண்டு. சீனர், தமிழர், மலாய்க்காரர் ஆகிய முத்திறத்தாரும் கலந்து வாங்கி விற்ற அக்கடைத்தெருவில் இருவகை அளவைகள் அருகருகே வழங்கின.

ஒன்று தராசின் அளவை. நூறு காட்டி ஒரு பிக்கல். ஒரு காட்டிக்குப் பதினாறு தாயில். நீரிணைக் குடியேற்றங்களின் வழக்கப்படி ஒரு காட்டி என்பது ஒன்றே மூன்றிலொரு இராத்தல், அஃதாவது இன்றைய கணக்கில் 604.8 கிராம். ஒரு தாயில் 37.8 கிராம். காய்கறியும் மீனும் இறைச்சியும் 'டாச்சிங்' எனப்பட்ட கோல்தராசில் நிறுக்கப்பட்டன. கோலின் ஒரு முனையில் தட்டு தொங்கும். மறுபுறத்தில் நூலில் கட்டிய குண்டினைக் கோலின் மீது நகர்த்தி, கோல் சமமாக நிற்கும் இடத்தில் பதித்திருக்கும் புள்ளியைப் படித்து நிறை சொல்வர். சீன மருந்துக் கடைகளில் இதன் சிறிய வடிவம் இருந்தது. அங்கே தாயிலையும் பத்தாகப் பகுத்துச் 'சீ' என்றும், அதனை மீண்டும் பத்தாக்கி 'ஹூன்' என்றும் கணக்கிட்டனர். ஒரு சீ 3.78 கிராம். இலையும் வேரும் பட்டையும் கலந்து கட்டப்படும் மருந்துச் சரக்கினைக் கிண்ணத்தால் முகந்து கொடுக்க எவரும் முற்படவில்லை. காரணம் பின்னர் விளங்கும்.

மற்றொன்று பாத்திரத்தின் அளவை. நான்கு சுப்பாக்கு ஒரு கந்தாங். ஒரு கந்தாங் ஆங்கிலேயரின் ஒரு காலனுக்குச் சமமானது, 4.546 லிட்டர். ஆகவே ஒரு சுப்பாக்கு 1.136 லிட்டர். அரிசி பெரும்பாலும் இவ்வகையில் அளந்து விற்கப்பட்டது. நம் நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது படி, நாழி, உழக்கு எனப் பழகிய முறையே ஆதலால் எளிதிற் பிடிபட்டது. படியின் அளவோ ஊருக்கு ஊர் வேறுபட்டது; சுப்பாக்கு சட்டத்தால் ஒன்றாக்கப்பட்டிருந்தது.

சரி, ஒரு சுப்பாக்கு எத்தனை காட்டி? இவ்வாறு கேட்பதே பிழை என்பதை நம் வாசகர்கள் முதற்கண் மனத்தில் இருத்த வேண்டும். எதன் சுப்பாக்கு என்று கேட்டால் மட்டுமே விடை உண்டு. ஒரு சுப்பாக்குத் தண்ணீர் 1,136 கிராம் நிறைகொள்ளும். அதே பாத்திரத்தில் அரிசி ஏறக்குறைய 930 கிராம், அஃதாவது ஒன்றரைக் காட்டி. சலித்த கோதுமை மாவோ ஒரு காட்டிக்குச் சற்றுக் குறைவாகவே கொள்ளும். பாத்திரம் மாறவில்லை, உள்ளிருக்கும் பொருளின் செறிவும், மணிகளுக்கு இடையே அகப்பட்டிருக்கும் காற்றும் மாறுகின்றன. ஆகையால் காட்டியைக் கிலோவாக்க ஓர் எண் போதும். சுப்பாக்கை லிட்டராக்கவும் ஓர் எண் போதும். ஆனால் லிட்டரைக் கிலோவாக்கப் பொருளுக்கு ஓர் எண் வேண்டும்.

இதனை நம் தோட்டங்களில் அறியாத வீடில்லாத ஒரு பொருளைக் கொண்டே விளக்கலாம். அதுதான் கெட்டிப்பால் டின். காலியான டின்னில் கயிறு கட்டிக் கோப்பி வாங்கி வந்த காலத்தை முதியோர் நினைவுகூர்வர். அதே டின் அரிசிப் பானைக்குள் அளவையாகவும் கிடந்தது. பழைய டின்னின் மேற்சீட்டில் 14 அவுன்சு, 397 கிராம் என அச்சிட்டிருந்தது. அதைக் கண்டு, அந்த டின்னால் ஒரு முறை முகந்தால் 397 கிராம் அரிசி வரும் என எண்ணுவோர் உளர். அது தவறு. அந்த எண் டின்னின் கொள்ளளவன்று. அதில் அடைத்திருந்த பாலின் நிறையாகும். சீனி கலந்து சுண்டக் காய்ச்சிய பால் தண்ணீரினும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் செறிவு மிக்கது. டின்னின் கொள்ளளவோ சுமார் 300 மில்லிலிட்டர்தான்.

அந்த 300 மில்லிலிட்டரில் எது எவ்வளவு நிறை கொள்ளும்? தண்ணீர் 300 கிராம். தேங்காய் எண்ணெய் 275 கிராம். எண்ணெய் நீரில் மிதப்பதற்கும் இதுவே காரணம். அரிசியும் பருப்பும் சீனியும் ஏறத்தாழ 250 கிராம். ஆகவே நான்கு டின் ஒரு கிலோ என்று கொள்வதில் பெரும் பிழையில்லை. ரவை 215 கிராம். பொடியுப்பு 360 கிராம். துருவிய தேங்காய், அழுத்தாமல் இட்டால், 100 கிராமுக்குச் சற்று மேல் மட்டுமே. கோதுமை மாவைப் பற்றித் தனியே பேச வேண்டும்.

மாவு ஓர் ஏமாற்றுக்காரப் பொருள். சலித்து மெல்லக் கரண்டியால் டின்னில் இட்டுத் தலைதட்டினால் 150 கிராம் நிற்கும். பையினுள் டின்னைச் செலுத்தி அள்ளினால் 180 கிராம் வந்துவிடும். அள்ளிய பின் மேசையில் நான்கு முறை தட்டி மீண்டும் நிரப்பினாலோ இன்னும் ஏறும். ஒரே டின், ஒரே மாவு, ஒரே கை. நிறையோ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. ரொட்டி மாவு பிசையும்போது இவ்வேற்றத்தாழ்வைத் தண்ணீரைக் கூட்டியோ குறைத்தோ கை சரிசெய்துவிடும். கேக்கில் அவ்வாறு செய்ய இயலாது. அடுப்பினுள் சென்ற பிறகு கை நீட்ட வழியில்லை. கேக்கு கல்லாகிவிட்டது என வருந்துவோர் பலர் முட்டையையும் அடுப்பையும் குறை கூறுகின்றனர். மாவு அள்ளிய முறையை நோக்குவதில்லை. ஆதலின் மாவுப் பண்டங்களுக்கு மட்டுமேனும் ஒரு சிறு தராசு வீட்டில் இருத்தல் நன்று என்பதே நம் கருத்து.

உப்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கல்லுப்பின் பெரிய மணிகளுக்கிடையே வெற்றிடம் மிகுதி. பொடியுப்பு நெருங்கி நிற்கும். எனவே கல்லுப்பில் ஓர் அகப்பை போட்டுப் பழகியவர் அதே அகப்பையால் பொடியுப்பை இட்டால் சாம்பார் கைத்துவிடும். பொடியுப்பு ஒரு தேக்கரண்டி, அஃதாவது 5 மில்லிலிட்டர், 6 கிராம் இருக்கும். மிளகாய்த்தூள் அதே தேக்கரண்டியில் 3 கிராமுக்கும் குறைவு. 100 கிராம் மிளகாய்த்தூள் பொட்டலத்தில் 15 மில்லிலிட்டர் மேசைக்கரண்டியால் பன்னிரண்டு கரண்டி தேறும்.

இனி, நம் பாட்டிமார் தராசின்றியே பிழையின்றிச் சமைத்தது எங்ஙனம் எனக் கேட்கலாம். அவர்கள் பங்கால் அளந்தனர். இட்டலிக்கு நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்றால், பாத்திரம் உழக்காயினும் பால் டின்னாயினும் கோப்பையாயினும் பங்கு மாறாது. அரிசியும் உளுந்தும் ஏறத்தாழ ஒரே செறிவு உடையன ஆதலின், நிறையால் அளந்தாலும் அதே நான்குக்கு ஒன்று வரும். ஒரே பாத்திரத்தால் எல்லாவற்றையும் முகக்கும் வரை மாற்றுக் கணக்கே தேவையில்லை. ஒரு பொருளைக் காட்டியிலும் மற்றொன்றைக் கோப்பையிலும் சொல்லும் குறிப்பில்தான் தொல்லை தொடங்குகிறது. சைனாடவுனில் அக்காலத்தில் அரிசியைச் சுப்பாக்கிலும் இறைச்சியைக் காட்டியிலும் வாங்கிய குடும்பங்களுக்கு இத்தொல்லை அன்றாடம் இருந்தது.

அளவு என்பது சுவையை மட்டும் சார்ந்ததன்று. ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூரில் அரிசி பங்கீட்டில் கிடைத்தது. 1944ஆம் ஆண்டில் அப்பங்கீடு மாதமொன்றுக்கு ஆடவருக்கு 8 காட்டி, பெண்டிருக்கு 6 காட்டி, சிறார்க்கு 4 காட்டி எனச் சுருங்கியது. எட்டுக் காட்டி என்று கேட்கையில் பெரிதாகத் தோன்றும். முப்பது நாளுக்குப் பகுத்து முகத்தலளவையாக மாற்றிப் பார்த்தால்தான் அதன் கொடுமை விளங்கும். ஆடவர்க்கு நாளொன்றுக்குப் பால் டின்னில் மூன்றில் இரு பங்கு அரிசி. பெண்டிர்க்கு அரை டின். சிறுவனுக்கு மூன்றில் ஒரு பங்கு. மூன்று வேளைக்கும் சேர்த்து அவ்வளவே. மரவள்ளிக் கிழங்கு அன்று உணவான கதை இதிலிருந்தே தொடங்குகிறது.

இலங்கைத் தோட்டங்களில் வழங்கிய 'கொத்து' வேறொரு பாடம் தருகிறது. கொத்து என்பது முகக்கும் பாத்திரத்தின் பெயர். அரிசிப் பங்கீட்டிலோ அது இரண்டு இராத்தல் நிறையின் பெயராக நிலைத்தது; கிராமில் 907. 1953ஆம் ஆண்டில் கொத்தரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது அந்நாடே ஹர்த்தாலில் கொந்தளித்தது. பாத்திரம் மறைந்த பின்னும் அதன் பெயர் நிறையாக வாழ்வது விந்தைதான்.

மாற்றுக் கணக்கு இன்றும் ஒரு சமயக் கடமையில் உயிரோடு இருப்பதைக் காணலாம். நோன்புப் பெருநாளுக்கு முன்னர் முஸ்லிம்கள் வழங்கும் ஃபித்ரா 'ஸாவு' என்னும் முகத்தலளவையால் விதிக்கப்பட்டது. தானியத்தைக் கிலோவில் விற்கும் இக்காலத்தில் அதனை நிறையாக்க வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் 2.3 கிலோ அரிசியை அடிப்படையாகக் கொள்கின்றனர். மலேசியாவில் பாக்தாத் கந்தாங் ஒன்று, 2.7 கிலோ அரிசி எனக் கணிக்கின்றனர். ஜொகூர் பாலத்தின் இருபுறமும் ஒரே கடமை, இரு வேறு நிறை! இதில் ஒருவர் சரி, மற்றவர் தவறு என்று கொள்ளலாகாது. பழைய பாத்திரத்தின் கொள்ளளவையும் அதில் நிற்கும் தானியத்தின் செறிவையும் அறிஞர்கள் வெவ்வேறாகக் கணித்தனர். பாக்தாத் கந்தாங்கை நாம் மேலே கூறிய காலன் அளவுள்ள கந்தாங்குடன் குழப்பிக்கொள்ளவும் கூடாது. பின்னதில் அரிசி மூன்றே முக்கால் கிலோ அளவுக்கு நிற்கும்.

சிங்கப்பூர் அரசு 1970ஆம் ஆண்டில் மெட்ரிக் முறைக்கு மாறுவதென வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அடுத்த ஆண்டில் அதற்கென ஒரு வாரியமும் செயற்பட்டது. மலேசியாவின் நிறுத்தல் முகத்தல் அளவைச் சட்டம் 1972ஆம் ஆண்டினது. இந்தியா இவற்றுக்கு முன்னரே, 1956ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி வீசை, சேர், பலங்களுக்கு விடை கொடுத்தது. 1983ஆம் ஆண்டில் சைனாடவுனின் தெருவோர வணிகர்கள் கிரேத்தா ஆயரில் எழுந்த புதிய கட்டடத்திற்குப் பெயர்ந்தனர். கோல்தராசின் இடத்தை வட்டமுகத் தராசும் பின்னர் மின்தராசும் பிடித்துக்கொண்டன.

ஆயினும் காட்டி என்னும் சொல் முதியோர் நாவிலிருந்து நீங்கவில்லை. வாங்குவோர் இங்கே விழிப்பாக இருத்தல் வேண்டும். காட்டிக்கு 600 கிராம் கொடுத்தால் இழப்பு 5 கிராம்; அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. சீனப் பெருநாட்டில் அதே பெயரால் வழங்கும் நிறை 500 கிராமே. அந்தக் காட்டியைக் கொடுத்து இந்தக் காட்டிக்கு விலை பெற்றால் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கையிலிருந்து போய்விடும். மருந்துக் கடைச் 'சீ'யும் அவ்வாறே: சிங்கப்பூரில் 3.78 கிராம், சீனாவில் அச்சான பிற்கால நூல்களில் அதனை 3 கிராம் என எடுத்தனர். சூப்புக்குப் போடும் மூலிகையாயினும், எந்தக் கணக்கு என்று கடைக்காரரிடம் கேட்டுத் தெளிவது நலம்.

விலையை ஒப்பிடும் வழி எளிது. காட்டி விலையை 0.605 ஆல் வகுத்தால் கிலோ விலை கிடைக்கும். மனக்கணக்காயின், காட்டி விலையுடன் அதில் மூன்றில் இரண்டு பங்கைக் கூட்டினால் ஏறத்தாழ அதுவே. ஒரு கடையில் கீரை காட்டி 3 வெள்ளி. அடுத்த கடையில் கிலோ 4 வெள்ளி 80 காசு. எண்ணைக் கண்டு முதற்கடைக்குச் செல்வோர் உண்டு. உண்மையில் அங்கே கிலோ 4 வெள்ளி 96 காசு ஆகிறது.

இக்காலத்துக் 'கோப்பை'யும் ஒன்றல்ல. அமெரிக்க நூலின் கோப்பை 237 மில்லிலிட்டர். மெட்ரிக் கோப்பை 250. பழைய ஆங்கிலேயக் கோப்பை அரைப் பைண்டு, 284. மின்சார அரிசிக் குக்கருடன் வரும் குவளையோ ஜப்பானியரின் 'கோ' என்னும் அளவை ஒட்டியது. 180 மில்லிலிட்டர், அரிசியில் 150 கிராம். குக்கர்ப் பானையின் உட்புறத்தில் உள்ள நீர்க்கோடுகள் அந்தக் குவளைக்காக வரையப்பட்டவை. குவளை தொலைந்துவிட, பால் டின்னால் மூன்று முறை அரிசி இட்டு, மூன்றாம் கோடு வரை நீர் வார்த்தவர் நறுக்கரிசியையே உண்பார். மூன்று டின் என்பது ஐந்து குவளை.

நூறு பேருக்குச் சமைப்போருக்கு ஒரு குறிப்பு. ஆளுக்கு 120 கிராம் அரிசி எனக் கொண்டால் 12 கிலோ வேண்டும். பழைய கணக்கில் அது இருபது காட்டி. முகந்தால் மூன்று கந்தாங்குக்குச் சற்று மேல். பால் டின்னால் 48. இந்நான்கு எண்களையும் சமையற்கூடச் சுவரில் எழுதி வைத்தால், பெரியவர் காட்டி என்றாலும் இளைஞர் கிலோ என்றாலும் உலையில் விழும் அரிசி ஒன்றாகவே இருக்கும்.

குழந்தைகளின் பொருட்டு ஒன்றை வற்புறுத்துகிறோம். வயிற்றுப்போக்கின்போது கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலுக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் என்பது அளவு. இங்கே கரண்டி என்பது 5 மில்லிலிட்டர் கரண்டியைத் தலைதட்டிய அளவு. குவித்து அள்ளினால் உப்பு இரு மடங்காகலாம். அது பச்சிளங் குழந்தைக்குத் தீங்கு விளைக்கும். மருந்தகங்களிலும் மருத்துவ நிலையங்களிலும் கிடைக்கும் பொட்டலம் நிறுத்துக் கட்டப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2002ஆம் ஆண்டில் வகுத்த முறைப்படி, ஒரு லிட்டருக்குரிய பொட்டலத்தின் மொத்த நிறை 20.5 கிராம். கிடைக்குமிடத்தில் அதனையே வாங்குக. பொட்டலத்தில் எழுதிய அளவு நீரைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. பால் மாவு டப்பாவினுள் வரும் கரண்டியும் அந்த மாவுக்கே உரியது; வேறு டப்பாவுக்கு மாற்றலாகாது.

வீட்டில் உள்ள டின் மெய்யாகவே 300 மில்லிலிட்டர்தானா என்று அறியத் தராசு தேவையில்லை. ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒன்றை எடுத்து, டின்னை விளிம்பு வரை நிரப்பி ஊற்றி வருக. ஐந்தாம் டின்னில் புட்டி, கடையில் வாங்கும்போது நீர் நின்ற மட்டத்தை எட்டினால் மேற்கூறிய எண்கள் அனைத்தும் அப்படியே பொருந்தும். நான்கிலேயே எட்டினால் அந்த டின் பெரியது; ஒவ்வோர் எண்ணுடனும் அதில் கால் பங்கைக் கூட்டிக் கொள்க. டின்னின் வாய் விளிம்பைச் சுத்தியலால் தட்டி மழுங்கச் செய்த பின்னரே பிள்ளைகள் கையில் கொடுக்கவும்.